சுக்கான் யார் கையில்?

 

அல்லாஹ் தன் வல்லமைக்குரிய அத்தாட்சிகளைச் சூரத்துல் பகராவில் வரிசைப்படுத்திக் கூறுகின்றான். வானம் பூமியின் படைப்பு, இரவும் பகலும் மாறி வருதல், வானத்திலிருந்து இறங்கும் மழை என்று கூறி வரும் அவ்வரிசையின் நடுவே, மனிதர்களுக்குப் பயன் தரும் பொருள்களைச் சுமந்து கடலில் செல்லும் கப்பலையும் சேர்த்துச் சொல்கின்றான். சற்றே சிந்தித்துப் பாருங்கள்! வானத்தை மனிதன் செய்யவில்லை. மழையையும் அவன் செய்யவில்லை. கப்பலை மட்டும் மனிதன் தன் கையால் செய்கின்றான். அப்படியிருந்தும் அது அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. அதனைக் கட்டும் அறிவை நபி நூஹ் (அலை) அவர்களுக்கு வஹீ மூலம் கற்பித்தவன் அவனே. எனவே கப்பலின் சுக்கானைப் பிடித்து நிற்பவன், தனக்குச் சொந்தமான ஒரு பொருளைப் பிடித்து நிற்கவில்லை. அமானிதம் ஒன்றைப் பிடித்து நிற்கின்றான்.

சுக்கான் என்றோம். இச்சொல் நம் தமிழில் வழங்கினாலும் அரபியிலிருந்து வந்ததேயாகும். 'ஸுக்கான்' என்றால் அரபியில் கப்பலைத் திருப்பும் கருவி. அதைப் போலவே 'மாலுமி' என்ற சொல்லும் 'முஅல்லிம்' என்ற அரபிச் சொல்லின் திரிபு என்பர். முஅல்லிம் என்றால் கற்பிப்பவர், ஆசிரியர். அரபுக் கடலோடிகள் கப்பலுக்கு வழி சொல்பவரை அப்படித்தான் அழைத்தார்கள். ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் என்ற புகழ்பெற்ற கடலோடி, நட்சத்திரங்களையும் காற்றின் பருவங்களையும் கரை அடையாளங்களையும் விவரித்துப் பெரிய நூலே எழுதி வைத்தார். (வாஸ்கோ ட காமாவுக்கு வழி காட்டியவர் இவரே என்று சிலர் எழுதுவதை ஆராய்ச்சியாளர் பலர் மறுத்துவிட்டனர். அந்தப் பழி அவருக்கு வேண்டாம்.) காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் மரக்கலம் ஓட்டிய நம் முன்னோர்கள் இந்தச் சொற்களை அரபுக் கடலோடிகளிடமிருந்து வெறுமனே வாங்கிக்கொள்ளவில்லை; கடலை அறிந்து ஓட்டும் கல்வியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். கற்றவனிடம்தான் சுக்கானைக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கின்றது.

இந்தக் கல்வி குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017ஆம் ஆண்டில் உலகமே பார்த்த இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. இரண்டும் அமெரிக்கக் கடற்படையில் நடந்தவை. அல்லாஹ்வின் சோதனை எந்தச் சமுதாயத்துக்கு வந்தாலும் அதில் படிப்பினை பெறுவது முஃமினின் குணமாகும். ஆகவே 'அது அவர்கள் பாடு' என்று தள்ளிவிடாமல் கேளுங்கள்.

2017 ஜூன் 17ஆம் நாள். ஹிஜ்ரி 1438 ரமளானின் பிந்திய பத்து நாட்கள் நடந்துகொண்டிருந்த சமயம். ஜப்பான் நாட்டுக் கரைக்கு அப்பால், நள்ளிரவு கழிந்து ஏறக்குறைய ஒன்றரை மணி. 'ஃபிட்ஸ்ஜெரால்டு' என்ற நாசகாரிப் போர்க்கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அதே கடலில் பிலிப்பைன்ஸ் கொடியுடன் 'ஏசிஎக்ஸ் கிரிஸ்டல்' என்ற பெரிய சரக்குக் கப்பலும் வந்துகொண்டிருந்தது. எத்தனையோ மைல்களுக்கு அப்பால் பறக்கும் விமானத்தையும் கண்டுபிடிக்கும் கருவிகள் அந்தப் போர்க்கப்பலில் இருந்தன. ஆயினும் கண்ணெதிரே விளக்கேற்றி வந்த ஒரு கப்பலை, மோதும் தறுவாய் வரையில் அது தவிர்க்கவில்லை. சரக்குக் கப்பலின் முன்பகுதி போர்க்கப்பலின் வலப்புறத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே பெரிய துவாரமிட்டது. கீழ்த்தட்டில் ஒரே அறையில் 35 பேர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரிரு நிமிடத்துக்குள் அந்த அறை நீரால் நிறைந்துவிட்டது. 28 பேர் தப்பினார்கள். ஏழு பேர் மாண்டார்கள்.

தப்பியவர்களுள் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் ஏணியின் அடியில் நின்று மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டார்கள். தண்ணீர் கழுத்தளவு வரும் வரையில் அந்த இடத்தை விட்டு அகலவில்லை. தாங்கள் மேலே ஏறிய பிறகும் இருட்டுத் தண்ணீருக்குள் கையை நீட்டி இன்னும் இருவரை இழுத்துக் காப்பாற்றினார்கள். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போன்றவர் என்பது சூரத்துல் மாயிதாவின் கருத்தன்றோ!

விசாரணையில் வெளிவந்தவை மனத்தை உறுத்துபவை. கண்ணால் பார்த்துக் காவல் காக்க வேண்டியவர்கள் இடப்புறத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோதும் அபாயத்துடன் மூன்று கப்பல்கள் வந்துகொண்டிருந்ததோ வலப்புறத்தில்! மேடையில் நின்றவர்களும் உள்ளே கருவிகளின் முன் அமர்ந்திருந்தவர்களும் ஒருவரோடொருவர் சரிவரப் பேசிக்கொள்ளவில்லை. கப்பல்கள் நெருங்கி வந்தால் தலைவரை எழுப்ப வேண்டும் என்பது எழுதி வைத்த கட்டளை. அவர் தம் அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். யாரும் எழுப்பவில்லை. அபாயச் சங்கு ஊதப்படவில்லை. எதிர்க்கப்பலை வானொலியில் அழைக்கவும் இல்லை.

ஏன் எழுப்பவில்லை என்பதை அவர்களே அறிவார்கள். ஆனால் பெரியவர் உறங்குகிறார், தொந்தரவு செய்யலாகாது என்று நெஞ்சு வலியைக்கூட விடியும் வரை அடக்கிக்கொண்டு கிடந்தவர்கள் நம் வீடுகளில் இல்லையா?

இத்தகைய செய்திகளைக் கேட்டதும் நம்மவரில் சிலர் ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிடுவார்கள். 'எல்லாம் தக்தீர். எழுதியபடி நடந்தது.' தக்தீரை நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்று. அதில் நமக்கு ஐயம் இல்லை. ஆனால் தக்தீரைச் சொல்லி அசட்டையை மூடி மறைப்பதற்கு நம் ஷரீஅத் ஒருபோதும் இடம் தரவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் 'மின்ஹாஜ்' கிதாபைத் திறந்து பாருங்கள். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், உயிருக்கான நஷ்டஈடாகிய தியத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொள்வதன் சட்டத்தையும் எழுதியிருக்கின்றார்கள்! டமாஸ்கஸில் வாழ்ந்த அந்த மேதையின் கிதாபில் கப்பல் மோதலா என்று வியக்கிறவர்கள் உண்டு. கப்பல்கள் செல்லும் கடல்களை ஒட்டியே பரவிய சமுதாயத்தின் ஃபிக்ஹு நூலில் அது இல்லாதிருந்தால்தான் வியப்பு.

அச்சட்டத்தின் சாரம் இதுதான். இரண்டு வாகனப் பிராணிகள் மோதிக்கொண்டால் அவற்றின்மேல் ஏறியிருந்த இருவருக்கும் என்ன சட்டமோ, அதே சட்டம் இரண்டு கப்பலோட்டிகளுக்கும் உண்டு. இருவர் செயலும் சேர்ந்து விளைந்த சேதமாதலால், ஒவ்வொருவரும் மற்றவருக்கு ஏற்பட்ட சேதத்தில் பாதிக்குப் பொறுப்பாவார். விரிவுரையாளர்கள் இதை மேலும் பிரித்துப் பேசுகின்றார்கள். அடக்க முடியாத காற்று எழுந்து, கப்பலோட்டியின் குறை ஏதுமின்றி மோதல் நேர்ந்தால் அவர் மீது நஷ்டஈடு இல்லை. இதுவே வலுவான சொல். கப்பலைத் திருப்ப முடிந்தும் திருப்பாவிட்டாலோ, வழக்கமாகக் கப்பல்கள் புறப்படாத கடுங்காற்றில் புறப்பட்டிருந்தாலோ, தேவையான ஆட்களையும் சாதனங்களையும் நிறைவாக ஏற்றிக்கொள்ளாமல் வந்திருந்தாலோ அது அசட்டை. அசட்டைக்குப் பொறுப்பு உண்டு.

பார்த்தீர்களா? காற்று அல்லாஹ்வின் செயல். ஆள் குறைவாக ஏற்றியது மனிதனின் செயல். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த இரண்டையும் நம் இமாம்கள் பிரித்துவிட்டார்கள். தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் சூரத்துன்னிஸாவில் தியத்தும் கஃப்பாராவும் விதிக்கப்பட்டிருக்கின்றன. வேண்டுமென்று செய்யவில்லை என்ற ஒரு வார்த்தை கணக்கைத் தீர்த்துவிடாது.

இன்று உலகக் கப்பல்கள் அனைத்துக்கும் பொதுவான கடற்பாதை விதிகள் உண்டு. 1972இல் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்தவை. போர்க்கப்பல் என்பதற்காக அவற்றில் தனி உரிமை கிடையாது. இரண்டு கப்பல்கள் குறுக்காக வரும்போது, எந்தக் கப்பல் மற்றதைத் தன் வலப்புறத்தில் காண்கின்றதோ அதுவே விலகிக் கொடுக்க வேண்டும். ஃபிட்ஸ்ஜெரால்டு தான் விலகியிருக்க வேண்டிய கப்பல். கப்பலின் இடப்புறத்தில் சிவப்பு விளக்கும் வலப்புறத்தில் பச்சை விளக்கும் எரிவதால், இருட்டிலும் எதிரே வருவது எந்தப் பக்கத்தைக் காட்டுகின்றது என்று தெரிந்துகொள்ளலாம். தூரத்தில் ஒரு விளக்கைக் காண்கின்றீர்கள். திசைகாட்டியில் அதன் திக்கைக் குறித்துக்கொள்கின்றீர்கள். சற்று நேரம் கழித்து மறுபடியும் பார்க்கின்றீர்கள். அது நெருங்கி வருகின்றது, ஆனால் திக்கு மாறவில்லை. அப்படியானால் இரண்டும் ஒரே இடத்தை நோக்கி வருகின்றன என்பது பொருள். பார்வைக்கு அசையாமல் நிற்பது போலத் தோன்றும் விளக்குத்தான் அபாயமான விளக்கு! கற்றவனுக்கு இது தெரியும். கல்லாதவன் 'அது அங்கேயேதான் நிற்கிறது' என்று நிம்மதியாக இருந்துவிடுவான்.

அவ்விதிகளில் ஐந்தாவது விதி, ஒவ்வொரு கப்பலும் எந்நேரமும் கண் பார்வையாலும் காது கேள்வியாலும் கிடைக்கும் மற்ற எல்லா வழிகளாலும் முறையாகக் காவல் பார்க்க வேண்டும் என்கின்றது. ஏழாவது விதி, அரைகுறைச் செய்தியை வைத்துக்கொண்டு ஊகம் செய்யலாகாது என்கின்றது. இவற்றைப் படித்தபோது நமக்குச் சூரத்து பனீ இஸ்ராயீல் நினைவுக்கு வந்தது. தெரியாத ஒன்றைப் பின்பற்ற வேண்டாம் என்று தடுக்கும் அல்லாஹ், செவி, பார்வை, உள்ளம் ஆகிய மூன்றைப் பற்றியும் கேள்வி கேட்கப்படும் என்று அங்கே எச்சரிக்கின்றான். அதற்கு அடுத்த ஆயத்திலேயே, பூமியில் பெருமையடித்து நடக்க வேண்டாம் என்கின்றான். ஊகத்துக்கு அடுத்த வீடு பெருமை! தன் கப்பல் பெரியது, வேகமானது, எதிரே வருபவன்தான் விலக வேண்டும் என்று எண்ணுகிறவனுக்கு இந்த இரண்டு ஆயத்துகளும் ஒன்றாக வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் வேண்டும்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் துயரம் நடந்து இரண்டே மாதங்கள். 2017 ஆகஸ்டு 21, ஃபஜ்ருடைய நேரத்தை ஒட்டி, அதே கடற்படைப் பிரிவைச் சேர்ந்த 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற நாசகாரிக் கப்பல் சிங்கப்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது. உலகிலேயே கப்பல் நெருக்கடி மிகுந்த வழிகளுள் அது ஒன்று. சுக்கானையும் வேகத்தையும் ஒரே ஆள் சேர்த்துக் கவனிப்பது சிரமமாயிருக்கக் கண்ட தலைவர், இரண்டையும் இருவருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். கட்டளை நல்ல கட்டளைதான். ஆனால் அக்கப்பலில் சுக்கானைத் தொடுதிரையின் மூலம் இயக்கும் புதிய ஏற்பாடு இருந்தது. திரையில் மாற்றம் செய்யும்போது வேகத்தோடு சுக்கானும் சேர்ந்து பக்கத்து ஆளிடம் போய்விட்டது. யாருக்கும் அது தெரியவில்லை. சுக்கான் பிடித்தவர், 'சுக்கான் வேலை செய்யவில்லை' என்று கூவினார். சுக்கானோ பழுதுபடவேயில்லை, அடுத்த மேஜையில் இருந்தது! வேகத்தைக் குறைக்கச் சொன்னபோது இரண்டு சுழலிகளில் ஒன்று மட்டும் குறைந்தது. கப்பல் இடப்புறமாகத் திரும்பி, 'அல்னிக்' என்ற எண்ணெய்க் கப்பலின் முன்னே போய் விழுந்தது. எல்லாம் மூன்று நிமிடக் குழப்பம். உறங்கிக்கொண்டிருந்த இளைஞர்களில் பத்துப் பேர் எழுந்திருக்கவேயில்லை.

அன்று மேடையில் இருந்தவர்களில் சிலர் வேறொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள். இந்தத் திரையில் அவர்களுக்குப் போதிய பயிற்சி தரப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. 2019இல் அமெரிக்கக் கடற்படை, வேகத்தைக் கட்டுப்படுத்தத் தொடுதிரையை விட்டுப் பழைய மாதிரிக் கைப்பிடிகளுக்கே திரும்புவதென்று முடிவு செய்தது. புதுமை எல்லாம் முன்னேற்றம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம். ஆனால் நாம் குறை சொல்வது கருவியை அன்று. கற்பிக்காமல் கருவியைக் கொடுத்தவர்களையே சொல்கின்றோம். தகுதியற்றவர்களிடம் காரியம் ஒப்படைக்கப்பட்டால் மறுமை நாளை எதிர்பார்க்கலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்களே, அங்கே பழி தகுதியற்றவன் மீது மட்டுமா? ஒப்படைத்தவர் மீதும் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. களைப்பு. கடற்படை செய்த ஓர் ஆய்வில், மாலுமிகள் வாரத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் கடமையில் இருந்தது தெரிய வந்தது. 2017 ஜூனில் ஜப்பானைத் தளமாகக் கொண்ட பெரிய போர்க்கப்பல்களின் பயிற்சிச் சான்றுகளில் 37 சதவிகிதம் காலாவதியாகிக் கிடந்தன. உறக்கமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

உறக்கத்தைப் பற்றிப் பேசும்போது கைபரிலிருந்து திரும்பிய அந்த இரவை நினைக்காமல் இருக்க முடியுமா? இரவெல்லாம் பயணம் செய்த பின் பின்னிரவில் படையினர் தங்கினார்கள். ஃபஜ்ருக்கு எழுப்பும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தம்மால் இயன்ற அளவு தொழுதுகொண்டிருந்தார்கள். பிறகு விடியல் வரும் திசையை நோக்கியவாறே தம் ஒட்டகத்தின் மீது சாய்ந்தார்கள். கண்கள் செருகிவிட்டன. சூரியனின் வெப்பம் பட்ட பிறகே எல்லோரும் விழித்தார்கள். முதலில் விழித்தவர்கள் நாயகம் (ஸல்) அவர்களே. பிலாலிடம் வினவினார்கள். தங்களை ஆட்கொண்டதே என்னையும் ஆட்கொண்டது என்ற கருத்தில் அவர்கள் விடையளித்தார்கள். கடிந்துரைக்கவில்லை. அவ்விடத்தை விட்டு அகன்று, உளூச் செய்து, பிலாலையே இகாமத் சொல்லச் செய்து தொழ வைத்தார்கள். முதல் முஅத்தின் அவர்கள்! பாலைவனச் சுடுமணலில் 'அஹத், அஹத்' என்று உறுதியாய் நின்றவர்கள்! அவர்களையே களைப்பு வென்றுவிட்டதென்றால், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை வாரக்கணக்கில் உறங்க விடாமல் வேலை வாங்கிவிட்டு, நள்ளிரவில் நீ ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது என்ன நீதி? இரவு வேலை பார்க்கும் டிரைவர்களையும் காவற்காரர்களையும் கம்பெனி வைத்து நடத்தும் நம் செல்வந்தர்கள் இந்த ஹதீஸை இன்னொரு தடவை ஓதிப் பார்க்கட்டும்.

2018 நவம்பர் 8ஆம் நாள் நார்வே நாட்டில் ஒன்று நடந்தது. 'ஹெல்கே இங்ஸ்டாட்' என்ற போர்க்கப்பல், எண்ணெய்த் துறையிலிருந்து அப்போதுதான் புறப்பட்ட 'சோலா' என்ற எண்ணெய்க் கப்பலின் விளக்குகளைப் பார்த்து, அது கரையோரம் அசையாமல் நிற்கும் ஏதோ ஒன்று என்று எண்ணிக்கொண்டது. காவல் மாறும் நேரம் அது. முந்தியவரின் எண்ணம் அப்படியே பிந்தியவருக்கும் கைமாறியது. எதிர்க்கப்பலிலிருந்து வலப்புறம் திரும்புமாறு வானொலியில் சொல்லியும் உடனே திரும்பவில்லை. கப்பலில் இருந்த 137 பேரும் அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார்கள். கப்பல் பிழைக்கவில்லை.

மேலே சொன்னவற்றில் பேச வேண்டியவர்கள் பேசவில்லை. இனிச் சொல்லப் போவதில் பேசினார்கள், கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. கடற்படை வரலாற்றில் இதைப் போல் ஒரு பாடம் வேறு இருக்குமா என்பது ஐயமே. 1893 ஜூன் 22. இடம், அன்று உதுமானிய சாம்ராஜ்யத்தில் இருந்த, ஷாம் தேசத்துத் தராபுலுஸ் நகரின் கடல். இன்று லெபனானில் உள்ளது. பிரிட்டிஷாரின் மத்தியதரைக் கடற்படை இரண்டு வரிசைகளாக வந்துகொண்டிருந்தது. ஒரு வரிசையின் தலையில் 'விக்டோரியா' கப்பலில் தளபதி சர் ஜார்ஜ் டிரையன். மறு வரிசையின் தலையில் 'கேம்ப்பர்டவுன்' கப்பலில் துணைத்தளபதி மார்க்கம். பட்டப்பகல், தெளிந்த வானம். எதிரியும் இல்லை.

இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாகத் திரும்ப வேண்டும் என்பது தளபதியின் திட்டம். வரிசைகளுக்கிடையே ஆறு கேபிள் தூரம், அதாவது சுமார் 1,200 கெஜம் இருக்கட்டும் என்றார். கப்பல் என்பது மாட்டு வண்டி போல நின்ற இடத்தில் திரும்பாது. வளைந்து திரும்ப ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 800 கெஜம் அகலம் வேண்டும். இரண்டுக்குமாக 1,600. பள்ளிக்கூடத்துப் பையனும் போடக்கூடிய கணக்கு! அருகிலிருந்த அதிகாரி, எட்டுக் கேபிளாவது வேண்டுமே என்றார். தளபதியும் ஆம் என்றார். ஆனால் கொடியில் ஏறியது ஆறு. மறுபடியும் கேட்டுப் பார்த்தார்கள். ஆறாகவே இருக்கட்டும் என்று பதில் வந்தது. அதற்கு மேல் பேச ஆள் இல்லை. அவ்வளவு பெரிய மேதை, நமக்குத் தெரியாத ஏதோ ஒரு திட்டம் வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டார்கள்.

மார்க்கம் கட்டளையைப் பார்த்துத் திகைத்தார். இது நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உடனே பதில் கொடி ஏற்றாமல் தயங்கினார். எதற்காகக் காத்திருக்கிறீர் என்று தளபதியின் கப்பலிலிருந்து எல்லோரும் காணக் கேள்வி வந்தது. அத்தனை கப்பல்களின் முன்னே அவமானம்! மார்க்கம் திரும்பினார். கேம்ப்பர்டவுனின் இரும்பு மூக்கு விக்டோரியாவின் வலப்புறத்தில் பாய்ந்தது. பதின்மூன்று நிமிடங்களில் விக்டோரியா கவிழ்ந்து மூழ்கிவிட்டது. 358 பேர் மாண்டார்கள். தளபதியும் அவர்களோடு போனார். எல்லாம் என் தவறே என்று கடைசி நேரத்தில் அவர் கூறியதாகச் சொல்வார்கள்.

இப்போது பத்ருக்கு வாருங்கள். அங்கே படையின் தலைவராக நிற்பவர்கள் அகிலத்தின் அருட்கொடையான அண்ணலார் (ஸல்) அவர்கள். படை இறங்கிய இடத்தைப் பார்த்த ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள் எழுந்தார்கள். இவ்விடம் அல்லாஹ்வின் வஹீயால் தேர்ந்ததா, அல்லது போர் யோசனையால் தேர்ந்ததா என்று வினவினார்கள். யோசனையே என்று பதில் வந்ததும், அப்படியாயின் இது பொருத்தமான இடமன்று, எதிரிகளுக்கு அண்மையிலுள்ள கிணற்றுக்குச் சென்று இறங்குவோம் என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த யோசனையை ஏற்றுப் படையை நகர்த்தினார்கள். ஹுபாபின் கேள்வியில் எவ்வளவு அதபு இருக்கின்றது பாருங்கள்! வஹீயாயிருந்தால் ஒரு சொல்லும் இல்லை. மனித யோசனையாயிருந்தால் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். மரியாதையும் குறையவில்லை, உண்மையும் மறையவில்லை.

மார்க்கமைப் போன்றவருக்கும் நம்மிடம் விடை உண்டு. ஒரு சிறு படைக்குத் தலைவராக்கப்பட்டவர் கோபம் கொண்டு, விறகு சேர்த்து நெருப்பு மூட்டச் செய்து, அதில் குதிக்குமாறு தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். சிலர் குதிக்கவே எண்ணினார்கள். மற்றவர்களோ, நெருப்பிலிருந்து தப்புவதற்காகத்தானே நபியவர்களிடம் ஓடி வந்தோம் என்று நின்றுவிட்டார்கள். செய்தி எட்டியபோது, அவர்கள் அதில் நுழைந்திருந்தால் வெளியேறியிருக்கவே மாட்டார்கள் என்றும், வழிப்படுதல் நன்மையான காரியத்தில் மட்டுமே என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ் இது. தலைவனுக்குக் கட்டுப்படுவது வாஜிபு என்று ஓயாமல் மேடையில் பேசுகிறவர்கள், இதையும் சேர்த்துப் பேசினால் நன்றாயிருக்கும்.

ஜமாஅத்துக் கூட்டங்களில் நாம் பார்ப்பதென்ன? முத்தவல்லி அவர்கள் ஒரு கணக்கைச் சொல்கின்றார். பள்ளிவாசல் விரிவாக்கத்துக்கு அந்தத் தொகை போதாது என்று கட்டடம் தெரிந்த இளைஞனுக்குத் தெரிகின்றது. வாய் திறக்க மாட்டான். திறந்தால், 'நீ நேற்றுப் பிறந்தவன்' என்பார்கள். சுவர் பாதியில் நின்ற பிறகு எல்லோரும் பேசுவார்கள். வீட்டிலும் இதே கதைதான். வாப்பா ஒரு சம்பந்தம் பேசிவிட்டார்கள். மாப்பிள்ளையின் கெட்ட பழக்கம் மகனுக்குத் தெரியும். உம்மாவுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். வாப்பாவிடம் எட்டுக் கேபிள் வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தவர்கள் தண்ணீருக்காக அடியில் துளையிட முற்பட்ட உவமையை நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைப் பயான்களில் பல தடவை கேட்டிருப்பீர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று அந்த ஹதீஸில் இல்லை. மேலே இருப்பவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணமே அவர்களிடம் இருந்தது. நல்லெண்ணத்தோடு போடும் துளை வழியாகவும் தண்ணீர் வரத்தான் செய்யும். ஆகவே வாப்பாவின் எண்ணம் நல்லது என்பது வாயை மூடிக்கொள்ளக் காரணமாகாது. கேட்கும் முறை இருக்கின்றது. ஹுபாப் (ரலி) அவர்கள் கேட்டுக் காட்டிவிட்டார்கள்.

முஸ்லிம் மாலுமிகளின் துயரம் ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 1953 ஏப்ரல் 4ஆம் நாள் இரவு, துருக்கியின் சனக்கலே நீரிணையில் 'தும்லுபினார்' என்ற நீர்மூழ்கிக் கப்பல், ஸ்வீடன் நாட்டுச் சரக்குக் கப்பலான 'நபோலாந்து' மீது மோதி மூழ்கிற்று. பின்பகுதி அறையில் 22 பேர் உயிரோடு அடைபட்டிருந்தார்கள். அவர்கள் விடுத்த மிதவையில் தொலைபேசி இருந்தது. அதன் வழியே மேலே உள்ளவர்களோடு பேசினார்கள். ஆழமும் நீரோட்டமும் மீட்பவர்களைக் கிட்ட விடவில்லை. மொத்தம் 81 பேர் மறைந்தார்கள். நீரில் மூழ்கி இறந்த முஃமினுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டென்று ஹதீஸில் வந்துள்ளது. அவர்களுடைய கப்ருகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! ஆனால் இறந்தவர் ஷஹீத் என்பதால், மோதலுக்குக் காரணமானவரின் கேள்விக்கணக்கு நீங்கிவிடுவதில்லை. அது வேறு, இது வேறு.

கப்பல்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் ஊர் வரும்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. காவல் முறையில் நிற்கும்போது வக்து வந்துவிட்டால் மேடையை விட்டு இறங்கித் தொழலாமா? மாற்று ஆள் வந்து பொறுப்பை ஏற்காமல் இறங்கலாகாது. அந்த மேடையில் நிற்பது எத்தனையோ உயிர்களின் அமானிதம். பெரும்பாலும் முறை மாறியதும் வக்துக்குள்ளேயே தொழுதுகொள்ள முடியும். பயணிக்கு உரிய சலுகைகளும் இருக்கின்றன. அச்ச நேரத் தொழுகையைச் சூரத்துன்னிஸாவில் அல்லாஹ் எப்படி விதித்திருக்கின்றான் என்று பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்களே இமாமாக நிற்கும்போதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தொழவில்லை. ஒரு கூட்டம் தொழ, மறு கூட்டம் காவல் நின்றது. பிறகு இவர்கள் வர, அவர்கள் காவலுக்குப் போனார்கள். நபியவர்களின் பின்னால் தொழும் பாக்கியத்திலும் காவல் விடப்படவில்லை. தொழுதுகொண்டிருக்கும்போது ஒருவர் நீரில் மூழ்குவதைக் கண்டு, காப்பாற்றவும் முடியுமானால், தொழுகையை முறித்துக் காப்பாற்றுவது கடமை என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு.

கப்பல் திசை மாறும்போது கிப்லாவை எப்படிப் பேணுவது, கஸ்ரும் ஜம்உம் எத்தனை நாள் வரை என்பவற்றை அடுத்த இதழில் விளக்குவோம், இன்ஷா அல்லாஹ்.